வால்வைத் திருகிப் பார்ப்பது யார்?

எண்ணெய்க் குழாய், எரிவாயுக் குழாய் பற்றிச் செய்தி வருவது இரண்டே சமயங்களில்தான். மந்திரி ஒருவர் அதைத் திறந்து வைக்கும்போது வரும். அது வெடித்துச் சிதறும்போது வரும். இடைப்பட்ட இருபது முப்பது ஆண்டுகளில் அந்தக் குழாயின் வால்வுகளை யாராவது திருகிப் பார்த்தார்களா, பார்த்ததை எழுதி வைத்தார்களா, எழுதியது உண்மைதானா என்று அரசாங்கம் சரி பார்த்ததா என்ற விஷயங்களுக்குப் பத்திரிகைகளில் இடம் கிடைப்பதில்லை. விபத்து நேர்ந்தால் எத்தனை பேர் பிழைப்பார்கள் என்பது பெரும்பாலும் அந்த இடைக்காலத்தில் நடந்ததையும் நடக்காததையும் பொறுத்தே இருக்கிறது.

இது எங்கோ இருக்கும் எஞ்சினீயர்களின் கவலை என்று ஒதுக்கிவிட முடியாது. இந்தியாவில் இயற்கை எரிவாயு செல்லும் பெருங்குழாய்களின் நீளம் இப்போது 24 ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் போய்விட்டது. குழாய் மூலம் சமையல் வாயு பெறும் வீடுகள் ஒரு கோடியைத் தாண்டிவிட்டன. மும்பையில் இந்த ஏற்பாடு 1990-களிலேயே தொடங்கிவிட்டது. செம்பூரிலும் டிராம்பேயிலும் குடியிருக்கும் நம்மவர்களுக்கு மாகுல் சுத்திகரிப்பு ஆலைகளின் புகைபோக்கிகள் தினசரிக் காட்சி. அந்த ஆலைகளுக்கு வருவதும் அங்கிருந்து போவதும் குழாய்களில்தான்.

வால்வு செய்யும் வேலை எளிது. ஓடுவதை நிறுத்த வேண்டியபோது நிறுத்த வேண்டும். குழாய் எங்காவது உடைந்தால், உடைந்த இடத்துக்கு இருபுறமும் உள்ள வால்வுகளை மூடிவிட்டால், நடுவில் அகப்பட்ட வாயு மட்டும் எரிந்து தீரும். ஆகவேதான் பெருங்குழாய்களில் குறிப்பிட்ட தூரத்துக்கு ஒரு வால்வு இருக்க வேண்டுமென்று விதி செய்திருக்கிறார்கள். ஆள் நடமாட்டம் குறைந்த இடத்தில் அதிகபட்சம் 32 கிலோமீட்டருக்கு ஒன்று. மாடிக் கட்டிடங்கள் நெருங்கிய நகரப் பகுதியில் 8 கிலோமீட்டருக்கு ஒன்று.

தொல்லை என்னவென்றால், இந்த வால்வுகள் வருஷக்கணக்கில் திறந்தபடியே கிடக்கின்றன. நாம் குடியிருக்கும் கட்டிடங்களில் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் கேட் வால்வை ஐந்தாறு வருஷம் தொடாமல் வைத்திருந்து, ஒருநாள் அவசரமாகத் திருகினால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். துருப்பிடித்து இறுகியிருக்கும், பலங்கொண்டு திருகினால் தண்டு முறியும், சில சமயம் சுற்றிக்கொண்டே இருக்கும், தண்ணீர் நிற்காது. எரிவாயுக் குழாயின் வால்வும் இரும்புதான். அவ்வப்போது அசைத்துக் கொடுத்து, மசகு போட்டு, முழுவதும் மூடுகிறதா என்று பார்த்தால்தான் தேவைப்படும் நாளில் உதவும். அவசரத்துக்கு வேண்டிய வால்வுகளை ஆண்டுக்கு ஒருமுறையாவது சோதித்து, ஓரளவேனும் இயக்கிப் பார்க்க வேண்டும் என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட நியதி. விதி இருக்கிறது. அதை நடத்திவைப்பது யார் என்பதில்தான் எல்லாச் சிக்கலும்.

ஜெய்ப்பூரில் 75 நிமிடம்

விதி தாளில் இருந்து வால்வு கைகொடுக்காமல் போனதற்கு நம் நாட்டில் மிகக் கொடிய உதாரணம் ஜெய்ப்பூர். 2009-ம் ஆண்டு அக்டோபர் 29-ந் தேதி மாலை, சீதாபுரா தொழிற்பேட்டையை ஒட்டியிருந்த இந்தியன் ஆயில் டெப்போவில் வழக்கமான ஒரு வேலை நடந்தது. பக்கத்திலிருந்த பாரத் பெட்ரோலியம் டெப்போவுக்குக் குழாய் வழியாகப் பெட்ரோல் அனுப்ப வேண்டும். அதற்கு டாங்கியின் அடியில் மூன்று அடைப்புகளை வரிசைப்படி திறக்க வேண்டும். ஒன்று கையால் திருகுவது. ஒன்று மோட்டாரால் இயங்குவது. மூன்றாவது, தகட்டைத் திருப்பிப் போடும் பழைய மாதிரி. இந்த மூன்றாவதில், தகட்டைத் திருப்பும் நேரத்தில் மேற்பக்கம் திறந்த வாயாக இருக்கும். ஆகவே அந்த வேலை முடிகிற வரையில் மற்ற இரண்டும் மூடியிருந்தாக வேண்டும்.

அன்று மோட்டார் வால்வு திறந்திருந்தது. பெரிய டாங்கியில் இருந்த பெட்ரோல், அந்தத் திறந்த வாய் வழியாக ஊற்றுப்போல் பீச்சியடித்தது. பக்கத்தில் இருந்த தொழிலாளி ஆவியில் மூச்சுத் திணறினார். உதவிக்குப் போனவர்களுக்கும் அதே கதி நேர்ந்தது. முகமூடியுடன் கூடிய சுவாசக் கருவி கையெட்டும் இடத்தில் இல்லை. சுமார் 75 நிமிடம் பெட்ரோல் கொட்டிக்கொண்டே இருந்தது. ஆவி மேகம்போல் டெப்போ முழுவதும் படர்ந்தது. மாலை 7.30 மணியைத் தாண்டியதும் எங்கிருந்தோ ஒரு பொறி. ஊரே அதிர்ந்தது. 11 பேர் மாண்டனர். அவர்களில் டெப்போவுக்குச் சம்பந்தமே இல்லாத அக்கம்பக்கத்தாரும் உண்டு. ஏறக்குறைய 60 ஆயிரம் கிலோலிட்டர் எண்ணெய் எரிந்தது. அணைக்க முயல்வது வீண் என்று முடிவு செய்து, எரிந்து தீரும்வரை விட்டுவிட்டார்கள். தீ அடங்கப் பதினொரு நாள் ஆயிற்று.

இதில் நாம் நின்று கவனிக்க வேண்டிய ஒரு விவரம் இருக்கிறது. அந்த மோட்டார் வால்வை டாங்கி அருகே போகாமலே கட்டுப்பாட்டு அறையிலிருந்து மூடுவதற்கு ஏற்பாடு இருந்தது. அந்த ஏற்பாடு 2003 முதலே வேலை செய்யவில்லை. ஆறு வருஷம்! இந்த ஆறு வருஷத்தில் எத்தனை பெட்ரோல் அங்கிருந்து போயிருக்கும், எத்தனை அதிகாரிகள் வந்து பார்வையிட்டுக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள்! பழுது ரகசியமாகவும் இல்லை. அங்கே வேலை பார்த்தவர்களுக்குத் தெரிந்ததுதான். அதைச் சரி செய்தால்தான் டெப்போ நடக்கலாம் என்று சொல்லும் அதிகாரம் படைத்த ஒருவர் மட்டும் அங்கே வரவில்லை. 75 நிமிட அவகாசத்தில், அந்த ஒரு பொத்தான் வேலை செய்திருந்தால் கதையே வேறாக இருந்திருக்கும்.

விசாரணைக் குழுவுக்குத் தலைமை வகித்த எம்.பி. லால், ஹிந்துஸ்தான் பெட்ரோலியம் நிறுவனத்தின் தலைவராக இருந்தவர். அவரது குழு கண்ட மூலகாரணங்கள் மூன்று: அந்த இடத்துக்கென்று எழுதி வைத்த செயல்முறை இல்லாதது, தூரத்திலிருந்து கசிவை நிறுத்தும் சாதனம் இல்லாதது, ஆபத்தின் அளவைப் புரிந்துகொள்ளாதது. நூற்றுக்கும் மேற்பட்ட சிபாரிசுகளைக் குழு செய்தது. தகட்டைத் திருப்பிப் போடும் பழைய அடைப்புகளை மாற்ற வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. நிறுவனத்தின் உயர் அதிகாரிகள் உள்படப் பலரை 2010-ல் போலீசார் கைது செய்தனர். சிபாரிசுகளை நிறைவேற்றும் வேலை பின்னால் நடந்ததையும் மறுப்பதற்கில்லை. ஆனால் பதினொரு பேர் செத்த பிறகு செய்ததை, 2003-ல் ஓர் இன்ஸ்பெக்டர் உத்தரவு போட்டே செய்ய வைத்திருக்கலாம்.

கேட்க ஆள் பலர்

நம் நாட்டில் மேற்பார்வைக்கு அமைப்புகளுக்குக் குறைவில்லை. நாகபுரியைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு, வர்த்தக அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. லைசென்ஸ் கொடுப்பது அதன் வேலை. எண்ணெய்த் தொழில் பாதுகாப்பு இயக்ககம் பெட்ரோலிய அமைச்சகத்தின் கீழ் வருவது. போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு, 1986-ல் பிறந்தது. குழாய்களுக்கென்று 141, 226 என்ற எண்களில் அது வெளியிட்ட தரநூல்கள் எஞ்சினீயர்கள் எல்லோரும் அறிந்தவை. மூன்றாவது, 2006-ம் வருஷச் சட்டத்தின்கீழ் வந்த பெட்ரோலியம் மற்றும் இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியம். இவை தவிர மாநில அரசுகளின் தொழிற்சாலை இன்ஸ்பெக்டர்கள் இருக்கிறார்கள்.

இவர்களில் பாதுகாப்பு இயக்ககம்தான் வெகுகாலமாகத் தணிக்கை செய்து வருவது. அங்கே நல்ல எஞ்சினீயர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்களுடைய அமைச்சகமும், அவர்கள் தணிக்கை செய்யும் பெரிய கம்பெனிகளின் அமைச்சகமும் ஒன்றே. அண்ணனின் கடைக் கணக்கைத் தம்பி தணிக்கை செய்வது போன்ற ஏற்பாடு இது. கடலில் உள்ள எண்ணெய்க் கிணறுகள் விஷயத்தில் 2008 விதிகள் அதற்குச் சட்ட அதிகாரம் கொடுத்திருக்கின்றன. கரையில் அதன் சொல் பெரும்பாலும் சிபாரிசாகவே இருந்து வந்திருக்கிறது.

ஒழுங்குமுறை வாரியத்துக்குச் சட்டத்தில் பல் இருக்கிறது. அதன் உத்தரவை மீறினால் ஒரு மீறலுக்கு ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். தொடர்ந்து மீறினால் நாளொன்றுக்குப் பத்து லட்சம் வரை கூடுதல். வீட்டு வாடகைக்கே திண்டாடும் நமக்கு இது பெரிய தொகை. ஒரு நாளைக்குப் பல கோடி ரூபாய் சரக்கைத் தள்ளும் கம்பெனிக்கு? போகட்டும், தொகையைவிட வேகம் முக்கியம். எரிவாயுக் குழாய்களுக்கான பாதுகாப்பு விதிகள் 2009-ல் வந்தன. பெட்ரோல், டீசல் போன்றவை செல்லும் குழாய்களுக்கான விதிகள் 2016-ல்தான் வந்தன. அதாவது சட்டம் வந்து பத்து வருஷம், ஜெய்ப்பூர் எரிந்து ஏழு வருஷம் கழித்து.

இன்னொன்றும் உண்டு. விதிப்படி சோதனை நடந்ததா என்று பார்க்க, வாரியம் அங்கீகரித்த தனியார் பரிசோதனை நிறுவனங்கள் இருக்கின்றன. அவற்றை அமர்த்திக் கட்டணம் கொடுப்பது குழாய்க்குச் சொந்தக்காரரான கம்பெனியே. எல்லாப் பரிசோதகரும் விலைபோகிறவர் என்று சொன்னால் அது அநியாயம். ஆனாலும், அடுத்த வருஷமும் அதே கம்பெனியின் வேலை வேண்டும் என்று நினைப்பவர், வால்வு இறுகியிருப்பதைக் கொட்டை எழுத்தில் எழுதுவாரா, அல்லது 'கவனம் தேவை' என்ற ஒரு வரியோடு நிறுத்திக்கொள்வாரா என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

நாகரம் காட்டியது

ஜெய்ப்பூர் நடந்தது டெப்போவுக்குள். ஊருக்குள் செல்லும் குழாயில் கண்காணிப்பு தளர்ந்தால் என்ன ஆகும் என்பதை ஆந்திரத்துக் கிழக்கு கோதாவரி மாவட்டத்தின் நாகரம் கிராமம் காட்டிற்று. 2014-ம் ஆண்டு ஜூன் 27-ந் தேதி விடியற்காலையில், ததிபாகாவிலிருந்து கொண்டப்பள்ளிக்குச் செல்லும் கெயில் நிறுவனத்தின் 18 அங்குலக் குழாய் அங்கே வெடித்தது. தூக்கத்தில் இருந்தவர்களும் காலை வேலைக்குக் கிளம்பியவர்களுமாக இருபதுக்கும் மேற்பட்டோர் கருகினர். தென்னை மரங்கள் கரிக்கட்டைகளாக நின்ற படங்களை அன்று பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

அந்தக் குழாய் ஈரமில்லாத உலர்ந்த வாயுவுக்காகப் போடப்பட்டது. ஆனால் தண்ணீரும் எண்ணெய்க் கசடும் கலந்த வாயு அதில் சென்றுகொண்டிருந்தது; இரும்பு உள்ளுக்குள்ளேயே அரித்துவிட்டது என்று விசாரணையில் வெளிவந்தது. வாயு வாசனை வருவதாக ஊர்க்காரர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள் என்றும் அப்போது செய்திகள் வந்தன. இது வால்வுப் பழுது அல்ல என்றாலும் நோய் ஒன்றுதான். உலர்ந்த வாயுதான் போக வேண்டும் என்று தாளில் எழுதியிருந்தது. போவது எது என்பதைத் தாளோடு ஒப்பிட்டு, 'இன்று முதல் நிறுத்து' என்று சொல்லக்கூடிய வெளியாள் ஒருவர் இல்லை.

நமது கொங்கு நாட்டு விவசாயிகள் கெயில் குழாயை எதிர்த்துப் போராடியது 2012, 2013-ம் ஆண்டுகளில். வயலின் நடுவே குழாய் வேண்டாம், சாலையோரமாகக் கொண்டு போங்கள் என்றார்கள். 1962-ம் வருஷச் சட்டத்தின்படி நிலம் விவசாயியின் பெயரிலேயே இருக்கும். ஆனால் குழாய் போகும் பட்டையில் மரம் வைக்கவோ, கிணறு வெட்டவோ, வீடு கட்டவோ கூடாது. 2016 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டின் தீர்ப்பு கெயிலுக்குச் சாதகமாக முடிந்தது. குழாய் அவசியமா என்பது வேறு வாதம். ஆனால் நிலத்தைக் கொடுப்பவருக்கு ஏகப்பட்ட நிபந்தனைகளைச் சட்டத்திலேயே எழுதி வைத்த அரசாங்கம், குழாயைப் பராமரிப்பவரின் கடமையை அதே கண்டிப்போடு நடத்திவைக்கிறதா என்று அவர்கள் கேட்டால் பதில் சொல்வது கடினம்.

அமெரிக்காவில் என்ன செய்கிறார்கள்?

அமெரிக்காவைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. 2010 செப்டம்பர் 9-ந் தேதி, கலிபோர்னியா மாநிலத்தில் சான் புரூனோ என்ற ஊரில் 1956-ல் போட்ட 30 அங்குல வாயுக் குழாய் வெடித்து 8 பேர் மாண்டனர். 38 வீடுகள் அழிந்தன. வாயுவை நிறுத்த 95 நிமிடம் ஆயிற்று. தூரத்திலிருந்து மூடும் வால்வு அந்த இடத்தில் இல்லை. ஆட்கள் மோட்டாரில் போய்க் கையால் திருக வேண்டியிருந்தது. பணக்கார நாட்டிலும் இதே கதைதான்.

வித்தியாசம் பின்னால் நடந்ததில் இருக்கிறது. 2015-ல் அந்த மாநிலத்தின் கமிஷன் அக்கம்பெனிக்கு 160 கோடி டாலர் அபராதம் விதித்தது. 2016-ல் குழாய்ப் பாதுகாப்பு விதிகளை மீறிய குற்றத்துக்காகவும், விசாரணைக்கு இடையூறு செய்ததற்காகவும் கம்பெனியைக் குற்றவாளி என்று ஜூரிகள் தீர்ப்பளித்தனர். 2022-ல் மத்திய அரசு புதிய விதி கொண்டு வந்தது. புதிதாகப் போடும் பெரிய குழாய்களில், உடைப்பு தெரிந்த அரைமணி நேரத்துக்குள் மூடக்கூடிய வால்வு இருக்க வேண்டும். அதற்கும் பன்னிரண்டு வருஷம் பிடித்தது. பழைய குழாய்களை விட்டுவிட்டார்கள் என்ற குறையும் உண்டு.

நமக்குப் பாடமாக இருப்பது இன்னும் சாதாரணமான ஒரு நடைமுறை. வாயுக் குழாயின் அவசர வால்வுகளை ஒவ்வொரு ஆண்டும் ஒருமுறை, அதுவும் 15 மாதத்துக்கு மேல் இடைவெளி விடாமல் சோதிக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். எண்ணெய்க் குழாயானால் ஆண்டுக்கு இருமுறை, இடைவெளி ஏழரை மாதத்துக்கு மேல் கூடாது. இன்ஸ்பெக்டர் வந்தால் முதலில் கேட்பது அந்தப் பதிவேட்டைத்தான். தேதி தள்ளிப்போயிருந்தால் யாருக்கும் காயமில்லாவிட்டாலும் நோட்டீஸ் வரும். எந்தக் கம்பெனி, என்ன மீறல், அபராதம் எவ்வளவு என்று நோட்டீசையே பகிரங்கமாக வெளியிடுகிறார்கள். ஒரு மீறலுக்கு நாளொன்றுக்கு இரண்டு லட்சம் டாலருக்கு மேலும் போடலாம். நம் நாட்டிலோ தணிக்கை அறிக்கை பைலுக்குள் போகிறது. விபத்து நடந்தால் விசாரணைக் குழு போடும்போது வெளியே வருகிறது.

ரிஜிஸ்தர் சொல்வதும் சொல்லாததும்

பதிவேடு மட்டும் போதுமா என்றால், ஆபீசில் குப்பை கொட்டியவர்களுக்கு அதன் லட்சணம் தெரியும். பன்னிரண்டு மாதக் கட்டங்களும் ஒரே மையில், ஒரே கையெழுத்தில், ஒரே சாய்வில் நிரம்பியிருந்தால் அது மார்ச் மாதக் கடைசியில் உட்கார்ந்து எழுதியது என்று எந்தக் குமாஸ்தாவும் சொல்லிவிடுவார். தணிக்கைக்கு வருகிறவருக்கும் அது தெரியாமலில்லை. வால்வு விஷயத்தில் இதற்கு மாற்றுவழி சுலபம். தூரத்திலிருந்து இயங்கும் வால்வு அசைந்தால் அந்த நேரம் கட்டுப்பாட்டு அறைக் கம்ப்யூட்டரில் தானாகவே பதிவாகும். அந்தப் பதிவை ரிஜிஸ்தரோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பொய் அரைமணியில் வெளுத்துவிடும். இன்ஸ்பெக்டர் எதிரிலேயே ஏதாவது மூன்று வால்வுகளைத் தேர்ந்தெடுத்து மூடச் சொல்வது அதைவிடச் சுலபம். இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம், ஆள் வேண்டும். நாடெங்கும் நீண்டு கிடக்கும் குழாய்களுக்கு ஈடாக, அரசாங்கம் தன் சம்பளத்திலேயே இன்ஸ்பெக்டர்களை அமர்த்தினால் தவிர இது நடக்காது.

குழாயோடு தினமும் நடந்துபோய்ப் பார்த்து வருகிற லைன் வாக்கர், வால்வு நிலையத்துக்குக் காவலிருப்பவர் ஆகியோரில் பெரும்பாலோர் கான்டிராக்டில் வேலை பார்ப்பவர்கள். மசகு வடிந்திருக்கிறது, கைச்சக்கரம் அசையவில்லை என்பது முதலில் தெரிவது அவர்களுக்குத்தான். அதை எழுதிக் கொடுத்தால் மறுமாதம் வேலை இருக்குமா என்ற பயத்தோடு ஒருவர் நடந்தால், அவர் கண்ணில் பட்டது மேலே போய்ச் சேராது. குறை சொன்ன கான்டிராக்ட் தொழிலாளியைக் கம்பெனி நீக்கக் கூடாது என்று வாரியம் ஒரு வரி விதி செய்தால், பல லட்சம் ரூபாய்க் கருவிகளைவிட அது உபயோகமாக இருக்கும் என்பது நமது அபிப்பிராயம். தொழிற்சங்கங்கள் சம்பள உயர்வோடு சேர்த்து இதையும் கேட்கலாம்.

வீட்டளவில் நாம் கவனிக்க வேண்டியது கொஞ்சம்தான். கட்டிடத்துக்குள் வாயு நுழையும் இடத்தில் மொத்தத்துக்கும் ஒரு வால்வும், வீட்டில் மீட்டரை ஒட்டி ஒரு வால்வும் இருக்கும். சுவருக்குச் சாயம் அடிக்கிறவர் அதையும் சேர்த்து அடித்துவிடுவதும், அதன் எதிரே அலமாரி செய்துவிடுவதும் சகஜம். வாடகை வீட்டில் இருப்பவர்கள் குடியேறும் அன்றே அது எங்கே இருக்கிறது, கைக்கு எட்டுகிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. கம்பெனி ஆள் சோதனைக்கு வரும்போது அதை மூடித் திறந்து காட்டச் சொல்லலாம்.

பெருங்குழாய் விஷயத்தில் கேட்பதற்கு 2005-ம் வருஷத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. ஒழுங்குமுறை வாரியம், பாதுகாப்பு இயக்ககம், கெயில், இந்தியன் ஆயில் எல்லாமே அச்சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை. பத்து ரூபாய் கட்டணம். முப்பது நாளில் பதில் தர வேண்டும். குழாய்க்குப் பாதுகாப்பு இருக்கிறதா என்று பொதுப்படையாகக் கேட்டால், இருக்கிறது என்று ஒரு வரியில் பதில் வந்து சேரும். நம் பகுதியில் செல்லும் குழாயின் வால்வுகள் எத்தனை, ஒவ்வொன்றையும் கடைசியாக மூடிப் பார்த்த தேதி என்ன, முழுவதும் மூடாதவை எவை, அதற்காக அனுப்பிய நோட்டீசின் நகல் எங்கே என்று கேட்க வேண்டும். வியாபார ரகசியம் என்று மறுத்தால், பொதுநலன் அதைவிடப் பெரிதாக இருக்கும் இடத்தில் கொடுத்தாக வேண்டும் என்று அதே சட்டத்தின் 8-வது பிரிவு சொல்கிறது. அதைக் குறிப்பிட்டு மேல்முறையீடு செய்யலாம்.